வந்திறுந்தேன்

வாதி நெசீம் குடைவரைக் கோயில் வாசலில் காலை எட்டு மணிக்கே இரண்டு வரிசை நின்றுவிடும். ஒன்று செருப்பை விட. இன்னொன்று மூச்சை விட.

செருப்புக்கு நீல வில்லை, மூச்சுக்கு மஞ்சள் வில்லை. மூச்சை விடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கழுத்தோரம் ஓர் ஊசி போடுவார்கள். அதில் இருக்கும் மூச்சுமணிகள் கண்ணுக்கே தெரியாத பொடி. அவை இரத்தத்தில் கலந்து நாற்பது நிமிடத்துக்கு வேண்டிய பிராணவாயுவைத் தாமே அவிழ்த்துக்கொண்டிருக்கும், கெட்ட காற்றையும் தாமே வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு வாயையும் மூக்கையும் மூடி ஒரு மெல்லிய படலம். வியர்க்காமல் இருக்க உடம்புக்கு ஒரு பூச்சு. கண்ணீர் வராமல் இருக்கக் கண்ணுக்கு இரண்டு சொட்டு. நெஞ்சு ஏறாமல் இறங்காமல், செத்தவர்கள் எழுந்து நடப்பதுபோல் நடந்து, மூவாயிரத்து எண்ணூறு வருடத்துச் சாமிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மஞ்சள் வில்லையைக் கொடுத்தால் படலத்தை உரித்துவிடுவார்கள். முதல் மூச்சை இழுக்கும்போது எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரிதான் இருமுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், ஓர் ஆள் ஒரு மணி நேரம் உள்ளே நின்றால் மூச்சும் வியர்வையுமாகக் கால் டம்ளர் ஈரம் சுவரில் போய் உட்காரும். ஈரம் பட்டால் கல்லுக்குள் தூங்கும் உப்பு எழுந்துகொள்ளும். உப்பு எழுந்தால் ஓவியம் உதிரும். ஆகவே 2536ஆம் ஆண்டில் நாகரிகமுள்ள எந்த மனிதனும் பழைய சுவரின் முன்னால் மூச்சு விடுவதில்லை. பிள்ளைகளுக்கே முதல் வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கயற்கண்ணிக்கு இது பத்தொன்பது வருடப் பழக்கம். கோயிலின் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவள்தான். மதுரைக்கு மேற்கே செல்லம்பட்டியில் பிறந்து, கல்லும் உப்பும் படித்து, இருபத்தேழு வயதில் எகிப்தின் தெற்கே இருக்கும் இந்த நூபிய மலைக்கு வந்தவள். நாளுக்கு ஆறு தடவை மூச்சை விட்டு விட்டு வாங்குவாள். ஊரிலிருந்து அக்கா பேசும்போதெல்லாம், "ஒரு கல்யாணம் காச்சிக்கு வரமாட்டேங்கிற, அந்தச் செவுத்தையே கட்டிக்கிட்டு அழுகுறியா" என்பாள். கண்ணில் சொட்டு விட்டிருப்பதால் அழுவதற்கும் வழியில்லை என்பதை அக்காவிடம் அவள் சொன்னதில்லை.

"வில்லைய வாங்கிக்க தாயி," என்றார் இத்ரிஸ். "இன்னிக்கு அந்த எந்திரம் வருதாமே."

இத்ரிஸ் கோயில் காவலர். நூபியாக்காரர். அவர் பேசியதும் நூபிய மொழியில்தான். ஆனால் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசியளவில் ஒரு செவிமொழி பதித்திருந்தது. எவர் எந்த மொழியில் பேசினாலும் அது கேட்பவரின் சொந்த ஊர்ப் பேச்சாக மாற்றிப் போடும். குரலையும் சின்ன வயதில் கேட்ட ஆட்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் இத்ரிஸ் எது சொன்னாலும் அங்கயற்கண்ணிக்கு அது செல்லம்பட்டியில் பால்பண்ணை வைத்திருந்த மொக்கைச்சாமி மாமா பேசுவதாகத்தான் கேட்கும். இவள் பேசுவது அவருக்கு எந்த நூபிய அத்தையின் குரலில் கேட்கிறதோ, அதை அவர் இதுவரை சொன்னதில்லை.

"வருதுண்ணே. பத்து மணிக்கு."

"நல்ல சேதி சொல்லுமா?"

"சொல்லணும். சொல்லாட்டி நான் எதுக்கு இங்கன பத்தொம்பது வருசம் கெடந்தேன்."

கோயில் செத்துக்கொண்டிருந்தது. அதுதான் விஷயம். மலையை உள்ளே குடைந்து எடுத்த மூன்று அறைகள், நான்கு தூண்கள், எல்லாம் மணற்கல். அந்தக் காலத்தில் ஆற்றை மறித்து அணை கட்டியவர்கள், பெரிய பெரிய கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். இது சின்னக் கோயில். மேட்டிலேயே இருந்ததால் தண்ணீர் தொடாது என்று விட்டுவிட்டார்கள். தண்ணீர் தொடவில்லைதான். மலையின் அடிவயிற்றில் ஊறி, உப்பைக் கரைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு விரற்கடையாக உள்ளுக்குள்ளேயே ஏறி வந்தது. ஊர் உலகத்து மூச்சையெல்லாம் வாசலில் பிடுங்கி வைத்து முன்பக்கம் காத்துக்கொண்டிருக்க, சனியன் பின்பக்கமாக வந்தது. கல்லின் தோல் அப்பளமாக உப்பிக் கொட்ட ஆரம்பித்தது. முதலில் தூண்கள், பிறகு தெற்குச் சுவர், பிறகு கூரை.

தொன்மை ஆணையம் கணக்குப் பார்த்துக் கைவிரித்துவிட்டது. உலகத்தில் இப்படிச் சாகக் கிடக்கும் கோயில்கள் நாற்பதாயிரம். சந்திரனில் காற்றும் ஈரமும் இல்லாத ஒரு பள்ளத்துக்குள் நிலாக்கிடங்கு கட்டியிருந்தார்கள். அங்கே போன பொருள் உலகம் அழிந்தாலும் அழியாது. ஆனால் ஒரு கோயிலுக்கு ஒரு பொருளுக்குத்தான் இடம். மற்றதை அப்படியே விட்டுவிட்டு வருடக் கடைசியில் கதவைச் சாத்த வேண்டியது.

அந்த ஒரு பொருள் எது என்பதில் அங்கயற்கண்ணிக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வடக்குச் சுவர். அனுகெத் அம்மன்.

ஆற்றுக்கு அதிபதி அவள். தலையில் இறகு மகுடம், இடுப்பில் வெள்ளை ஆடை, குவித்த இரண்டு கையிலும் தண்ணீர். குடிக்கக் கொடுப்பதற்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்த மாதிரி அம்மன் எகிப்து முழுக்க உண்டு. ஆனால் இவளுடைய கீழுதட்டில் இரண்டு கோடு. எழுதியவன் முதலில் ஒரு கோடு போட்டிருக்கிறான், பிறகு அது பிடிக்காமல் மயிரிழை மேலே தள்ளி இன்னொன்று போட்டிருக்கிறான். அந்த மயிரிழையில் அம்மன் சிரிக்கப் போகிறாள். சிரிக்கவில்லை, சிரிக்கப் போகிறாள். இதைக் கண்டுபிடிக்க அங்கயற்கண்ணிக்கு நான்கு வருடம் ஆயிற்று. கண்டுபிடித்த நாளிலிருந்து அவளை விட்டு ஊருக்குப் போக மனசே வரவில்லை.

பத்து மணிக்கு, அந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க ஆணையம் அனுப்பிய மதிப்பான் வந்தது. இடுப்பளவு உயரம், மூன்று கால், தலை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரே ஒரு கண். செவிமொழி அதன் குரலை மட்டும் யாருடைய குரலாகவும் மாற்றாது. அச்சடித்த மாதிரித்தான் பேசும். வடக்குச் சுவரின் முன்னால் பதினொரு நிமிடம் நின்றது.

"நீர் வழங்கும் பெண் தெய்வம். இதே அமைப்பில் உலகில் 4,312 உருவங்கள் பதிவாகியுள்ளன. ஒப்புமை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு," என்றது.

"மிச்சம் நாலு இருக்குல்ல. ஒதட்டப் பாரு. ரெண்டு கோடு. எழுதுனவன் திருத்தியிருக்கான். வேற எங்கயும் கெடையாது." மூச்சில்லாததால் சத்தம் வராது. நாக்கு அசைவதைப் படித்துச் செவிமொழிதான் பேசும்.

"பார்த்தேன். அது பிழை. பிழைகள் மதிப்பில் சேரா."

மதிப்பான் மூன்று காலையும் மாற்றி மாற்றி வைத்து அறை அறையாகப் போயிற்று. வெளியே போகிறது என்று நினைத்தபோது வாசல் நிலைக்கல்லின் உட்புறம், கதவு மறைக்கும் இடத்தில் குனிந்து நின்றுவிட்டது. இருபது நிமிடம் நகரவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அங்கே, ஓர் ஆணியால் கீறி, நான்கு வரி இருந்தது.

பெ. காசிராசன்
உசிலம்பட்டி
வந்திறுந்தேன்
2029

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கோயில் சுவர்களில் இப்படி 611 கிறுக்கல்கள் இருந்தன. காதலர் பெயர், ஊர்ப் பெயர், அம்பு விட்ட நெஞ்சு, கட்சிக்காரன் கிறுக்கியது, கல்யாணமாகி வந்தவர்கள் கிறுக்கியது. சட்டம் தெளிவாக இருந்தது. ஐந்நூறு வருடம் தாண்டிய கிறுக்கலுக்குக் கல்வெட்டு என்று பெயர், அதைத் தொடக்கூடாது. தாண்டாதது அசிங்கம், அதை அடைக்க வேண்டும். உலகம் பூராவும் அவளைப் போன்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவளும் எட்டு வருடம் கல்பசை குழைத்து, ஒவ்வொரு கீறலாக அடைத்து, புதுசு தெரியாமல் இருக்க முதுமைப்பூச்சு பூசி, 610 கிறுக்கல்களை இருந்த இடம் தெரியாமல் ஆக்கினாள். அந்த வேலையை வைத்து அவள் எழுதிய கையேட்டைத்தான் ஆணையம் எல்லா நாட்டுக்கும் அனுப்பியது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். வந்த முதல் வாரம், யாருமற்ற பாலைவனம், சாப்பாடு இறங்கவில்லை, இரவெல்லாம் அழுகை. ஒரு காலையில் கதவுக்குப் பின்னால் உசிலம்பட்டி என்று தமிழில் பார்த்ததும் அவளுக்கு ஊரே எழுந்து வந்த மாதிரி இருந்தது. செல்லம்பட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் நடக்கிற தூரம்தான். அதிலும் அந்த "வந்திறுந்தேன்". சின்ன ரு போட வேண்டிய இடத்தில் பெரிய று போட்டிருந்தான் பாவி. சாமி சன்னிதியைக் கீறினதுதான் கீறினான், எழுத்துப் பிழையில்லாமல் கீறியிருக்கக் கூடாதா. நாளைக்கு அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளைக்கு நாளைக்கு என்று பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. தினமும் உள்ளே போகும்போது, "என்னடா காசிராசா, ரு கத்துக்கிட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

மதிப்பான் நிமிர்ந்தது.

"இருபத்தோராம் நூற்றாண்டு வருகையாளர் கையெழுத்து. அக்கால மக்கள் எழுதியவை அனைத்தும் மின்கிடங்குகளில் இருந்தன. கிடங்குகள் அணைந்தபோது அனைத்தும் அழிந்தன. அவர்கள் கையால் கல்லில் எழுதியவை பாதுகாப்புப் பணியாளர்களால் நீக்கப்பட்டன. உலகில் எஞ்சியது இது ஒன்றே. மூன்றாம் வரியில் உள்ள எழுத்து வடிவம் வேறெங்கும் பதிவாகாதது. இப்பொருள் நிலாக்கிடங்குக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது."

"அது எழுத்துப் பிழை."

"அரிய வடிவம்," என்றது மதிப்பான்.

அங்கயற்கண்ணி கெஞ்சினாள். காசிராசன் யாரோ ஒரு சுற்றுலாக்காரன், பேருந்து கிளம்புவதற்குள் அவசரமாகக் கிறுக்கிவிட்டுப் போனவன், அவனுக்காக அனுகெத்தைச் சாக விடலாமா என்று கேட்டாள். ஆணையத்துக்கு எழுதினாள். மதிப்பானின் முடிவே ஆணையத்தின் முடிவு என்று பதில் வந்தது. கடைசியாக வாசலில் நின்றுகொண்டு, வேறு கேட்க ஒன்றுமில்லாமல் கேட்டாள்.

"அந்த எழுத்த எவ்வளவு பெரிசா வெட்டுவ?"

"எழுத்து தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை. அதே கையின் வேறு எழுத்து கிடைத்தால் இரண்டும் ஒரே பொருளாகக் கொள்ளப்படும்."

அன்று மத்தியானம் வரை அவள் அந்தப் பதிலையே மென்றுகொண்டிருந்தாள். பிறகு இத்ரிஸின் அறைக்குப் போனாள்.

வெயில் உச்சிக்கு வந்ததும் கோயிலை மூன்று மணி நேரம் பூட்டிவிடுவார்கள். இத்ரிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அவர்கள் குடும்பம் பதினாறு தலைமுறையாக இந்தக் கோயிலுக்குக் காவல். சுற்றுலாக்காரர் கையிலிருந்து பிடுங்கிய ஆணி, சாவி, பேனாக்கத்தி எல்லாம் அந்த டப்பாவில் கிடந்தன.

"அந்த டப்பாவுல ஒரு ஆணி வேணும்ண்ணே."

"எதுக்கு?"

அவள் சொன்னாள். காசிராசனின் எழுத்தை வடக்குச் சுவரில், அம்மனின் தலைக்கு மேலிருந்து கால் வரை பரவும்படி எழுத வேண்டும். எழுத்து தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை வெட்டினால் நடுவில் அம்மன் முழுசாக வந்துவிடுவாள். இத்ரிஸ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கோயிலக் காப்பாத்த வந்தவ நீ. நீயே சாமி மேல ஆணி வைக்கிறேங்கிற."

"வைக்காட்டி அவ மண்ணாப் போவா. வருசக் கடைசியில கதவச் சாத்திருவாங்க. அடுத்த வருசம் ஒதடு இருக்காது, அதுக்கடுத்த வருசம் மொகம் இருக்காது. வடுவோட ஆச்சும் இருக்கட்டும்ண்ணே."

"எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் கம்ப வச்சு வெரட்டுனது இதத்தான் தாயி." அவர் பின்னால் கையை எட்டி டப்பாவை எடுத்தார். "அந்தக் காசிராசன் வந்த அன்னிக்கு எங்காளு டீ குடிக்கப் போயிருப்பாருன்னு நெனைக்கிறேன். இன்னிக்கு நான் போறேன்."

டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாற்பது நிமிட மூச்சுதான் அவளிடம் இருந்தது. ஏணியில் ஏறி, இறகு மகுடத்துக்கு மேலே வெறுங்கல்லில் "பெ. காசிராசன்" என்று கீறினாள். அவனுடைய கை அவளுக்கு மனப்பாடம். "உசிலம்பட்டி"க்கு இடப்பக்க ஓரம் இருந்தது. "2029"க்குப் பாதத்தின் கீழே கொஞ்சம் கல் மிச்சம் இருந்தது. மூன்றாவது வரிக்குத்தான் இடமில்லை. நான்கு வரியும் இருந்தால்தான் அதே கை என்று எந்திரம் நம்பும். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அம்மனின் வெள்ளை ஆடை மட்டும்தான் இருந்தது.

முதல் கீறலுக்கு வெள்ளை வண்ணம் பொடியாக அவள் மணிக்கட்டில் கொட்டியது. மூவாயிரத்து எண்ணூறு வருடம் ஒட்டிக்கொண்டிருந்த வண்ணம். பத்தொன்பது வருடம் அதில் ஒரு துகள் விழுந்தால்கூடப் பஞ்சால் எடுத்து ஒட்டியவள் அவள். அழுதால் தேவலை என்று இருந்தது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. எழுதி முடித்து, கீறல்களுக்கு முதுமைப்பூச்சு பூசினாள். கீறலை மறைக்கத் தானே கண்டுபிடித்த பூச்சு, இப்போது கீறலைக் காப்பாற்றியது.

மறுநாள் மதிப்பானைக் கூப்பிட்டு, உப்பைத் துடைத்தபோது அடியில் தெரிந்தது என்று சொன்னாள். அது வடக்குச் சுவரை மேலிருந்து கீழாகப் படித்தது. மூன்றாம் வரியில் நின்றது.

"இங்கே எழுத்து வேறாக உள்ளது," என்றது.

அங்கயற்கண்ணி பார்த்தாள். "வந்திருந்தேன்." சின்ன ரு. பத்தொன்பது வருடம் அவனைத் திருத்தித் திருத்தி, அவசரத்தில் கை தானாகவே சரியாக எழுதிவிட்டது. எந்தத் தமிழச்சியும் செய்யக்கூடிய தப்பு. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

மதிப்பானின் கண் இரண்டு முறை சுழன்றது.

"நிலைக்கல்லில் எழுதியவர், உள்ளே வந்து, தம் வடிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். தன் பிழையைத் தானே உணர்ந்த மனத்தின் தடயம். இந்நூற்றாண்டிலிருந்து இப்படியொரு சான்று கிடைத்ததில்லை. இரண்டும் ஒரே பொருளாக ஏற்கப்படுகின்றன. வடக்குச் சுவர் முழுமையாக வெட்டப்படும்."

உதட்டில் இரண்டு கோடு போட்டவன் செய்தது பிழை. காசிராசன் செய்தது மனத்தின் தடயம். அவள் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. சுவர் போகிறது, அம்மன் பிழைத்தாள், அது போதும். வெளியே வந்து படலத்தை உரித்ததும் இருமலோடு அழுகையும் வந்தது. இத்ரிஸ் அவளுக்கு ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தார். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அக்காவைத் தானாகக் கூப்பிட்டு, பொங்கலுக்கு வருகிறேன் என்றாள்.

வெட்டு வேலை ஆறு நாள் நடந்தது. வடக்குச் சுவர் உள்ள அறையைக் கூடாரம் போட்டு மூடிவிட்டு எந்திரங்கள்தான் உள்ளே இருந்தன. மனிதர்களுக்கு அனுமதி இல்லை. ஏழாம் நாள் காலை சுவர்க்கல்லும் நிலைக்கல்லும் கிளம்பிப் போயின. அன்று மத்தியானம் அவளுக்கு அறிக்கை வந்தது. வாசலில் வெயிலில் நின்றபடியே படித்தாள்.

"பொருள்: காசிராசன் எழுத்துகள், இரண்டு. நிலை: சிறப்பு. எழுத்துகளைச் சுற்றியும் அடியிலும் இருந்த வண்ணப்படலமும் உருவக் கோடுகளும் வாசிப்புக்கு இடையூறாக இருந்தன. பாதுகாப்புக் கையேடு, விதி பதினான்கின்படி அவை முழுமையாக நீக்கப்பட்டு, எழுத்தின் ஆழம் குறையாதவாறு கல் சமன் செய்யப்பட்டது."

விதி பதினான்கு அவள் எழுதியது. "மூலத்தை வாசிக்க இடையூறாக உள்ள அயல் அடையாளங்களைத் தயக்கமின்றி நீக்குக." தயக்கமின்றி என்ற சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று அன்றைக்கு ஒரு நாள் முழுக்க யோசித்து, பிறகு போட்டிருந்தாள்.

மதிப்பான் இன்னும் கிளம்பவில்லை. வண்டிக்காகக் காத்து நின்றது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"அது சாமி. நீ சுரண்டிப் போட்டது சாமிய."

"அவ்வுருவம் ஆவணப்படுத்தப்பட்டது. மின்கிடங்கில் நகல் உள்ளது."

"அந்த எழுத்து பொய். சுவத்துல இருந்தது நான் எழுதினது. நாந்தான் ஆணி வச்சுக் கீறினேன்."

"பொருள் புறப்பட்டுவிட்டது. புறப்பட்ட பொருளின் சான்றை மாற்ற இயலாது," என்றது. பிறகு வண்டி வந்தது.

அவள் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்ரிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

வருடக் கடைசி நாள் வந்தது. கோயிலுக்கு இனிமேல் காப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் மூச்சு வரிசையை எடுத்துவிட்டார்கள். விரும்பியவர்கள் மூச்சோடு உள்ளே போகலாம் என்று ஆணையம் அறிவித்தது. காசிராசனின் கல் நிலாவில் இறங்கிய படம் உலகம் பூராவும் போயிருந்தது. கீழே ஒரு குறிப்பும் இருந்தது. "தெய்வங்களைக் காணச் சென்ற அக்கால மக்கள் தம் பெயரையே காணிக்கையாக விட்டு வந்தனர்."

கூட்டம் வந்தது. எட்டு மணிக்கு வரிசை மலையடிவாரத்தைத் தாண்டிவிட்டது. நேற்றுவரை செருப்பையும் மூச்சையும் வாசலில் விட்டுவிட்டுக் கை கட்டிக்கொண்டு நடந்த அதே மக்கள்தான். முதல் ஆள், நல்ல உடை உடுத்திய பெரிய மனிதர், தூணின் அருகே போய்ச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அடுத்தவர் ஆணியே கொண்டுவந்திருந்தார். யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஒருவருக்கொருவர் இடம் விட்டுக் கொடுத்து, தோளில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைத்து, அவ்வளவு அன்பாக நடந்துகொண்டார்கள். இத்ரிஸ் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். "எழுதாதீங்கய்யா, எழுதாதீங்க," என்று கத்திப் பார்த்தார். செவிமொழி அதை முப்பது மொழியில் மாற்றிப் போட்டது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி ஆளும் போன பிறகு அங்கயற்கண்ணி உள்ளே போனாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் மூச்சை இழுத்தாள். உப்பும் வண்ணப் பொடியும் கலந்து நெஞ்சில் ஏறியது. வடக்குச் சுவர் இருந்த இடத்தில் பெரிய பள்ளம். பள்ளத்தின் உள்ளேகூட இருநூறு முன்னூறு பேர் எழுதியிருந்தார்கள்.

இத்ரிஸ் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். இன்னொரு கையில் அந்த பிஸ்கட் டப்பா இருந்தது.

"பதினாறு தலைமுறையா வெரட்டுனோம் தாயி," என்றார். "வெரட்டுனவன் பேரு ஒண்ணுகூட எங்கயும் இல்ல. ஓடிப்போனவன் பேரு நெலாவுல இருக்கு."

அவர் டப்பாவைத் திறந்து ஒரு ஆணியைத் தேடி எடுத்தார்.

"தப்புன்னு தெரியும். இருந்தாலும் எங்கப்பன் பேர ஒரு எடத்துல வச்சுட்டுப் போறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

அவள் திரும்பிக்கொண்டாள். அவர் நடக்கும் சத்தம் கேட்டது. முதல் அறைக்குப் போனார், இரண்டாம் அறைக்குப் போனார், தூண்களைச் சுற்றினார், கதவைச் சாத்தி அதன் பின்னால் நிலைக்கல் இருந்த பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. கீறும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் ஆணியை மறுபடியும் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"எடமில்ல தாயி," என்றார்.

இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து, பழக்கத்தில் கதவைப் பூட்டினார்கள்.